சுவரொட்டியில் பெயர் வரிசை

எழுபத்தொரு நாள் இருந்தோம்.
டத்தோ கிராமாட் சாலையில் ஒரு குழாய்
உடைந்து கிடந்த காலம் அதைவிட அதிகம்.

மூன்று பேரும் பேர் போனவர்கள்.
கமாருடின், தன் பழைய குழுவை
பாதிப் பாட்டில் விட்டு வந்தவன்,
சட்டையில்லாமல் பாடுவான்.
டிக்சன் கூ, ஜெலுத்தோங் பையன்,
டிரம்ஸ் தோல் கிழியும்வரை அடிப்பான்,
கிழிந்ததைக் கையெழுத்திட்டு ரசிகைகளுக்குக் கொடுப்பான்.
லீட் கித்தார் சவரிராஜ்.
அவன் சுருதி கூட்டுவதைப் பார்க்கவே
பட்டர்வொர்த்திலிருந்து ஆள் வந்தது.

மூன்று குழுக்களை உடைத்து
ஒரு குழு செய்தார்கள்,
மூன்று வீட்டுக் கதவைக் கழற்றி
ஒரு வீடு கட்டுவதுபோல.
எங்கு திரும்பினாலும் கதவு.
சுவர்தான் இல்லை.

பேஸ் வாசிக்க ஆள் தேடினார்கள்.
ஒருவன் சொன்ன ஆள்
மற்ற இருவருக்கும் ஆகவில்லை.
கடைசியில் நான்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்,
நுண்ணோக்கிக்குக் கீழே
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி ஒட்டுகிறவள்,
அண்ணனின் மீன் வேனை ஓட்டத் தெரிந்தவள்.
என்மேல் யாருக்கும் பொறாமை இல்லை.
மூவரும் ஒருமனதாய் ஒத்துக்கொண்டது
அந்த ஒன்றைத்தான்.

டயர் கடை மாடியில் பயிற்சி.
முதல் நாள்,
அதைச் சொல்லத்தான் வேண்டும்,
பதினொரு நிமிடம்
நாலு பேரும் ஒரே இடத்தில் இருந்தோம்.
கீழே தவுக்கே டயர் கழற்றுவதை நிறுத்தினார்.
என் பல்லெல்லாம் அதிர்ந்தது.
சவரிராஜ் கண்ணைத் திறந்து
அடுத்தவன் கையைப் பார்த்தான்.
கேசட் தயாராய் இருந்தது.
யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

குழுவுக்குப் பெயர் தேடியே
பத்தொன்பது நாள் போனது.
கிடைக்கவில்லை.
எங்கள் பெயர்களே போதும் என்றார்கள்.

சரி, யார் பெயர் முதலில்?
அகர வரிசை என்றான் டிக்சன்.
எந்த மொழி அகர வரிசை என்றான் சவரிராஜ்.
வயதுப்படி என்று அவனே சொன்னான்.
அப்படியானால் உயரத்தின்படி என்றான் கமாருடின்.
சூலியா தெரு அச்சகத்து மைதீன்பாய்
இரண்டு தே ஓ குடித்து முடித்து,
மை காயுது தம்பிகளா என்றார்.
அப்போதுதான் மூவரும்
என்னைப் பார்த்தார்கள்.

வேதநாயகி.
சிவப்பில், கையகல எழுத்தில்,
உச்சியில்.
அவர்கள் கீழே, சிறிதாய், சமமாய், பத்திரமாய்.

முதல் கச்சேரியில் கூட்டம் கேட்டது,
யாருடா இந்த வேதநாயகி?
இரண்டாவதில்
அந்தப் பெயரைச் சொல்லியே கத்தியது.
கமாருடின் தன் தண்ணீர் போத்தலை
என் பக்கத்திலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தான்.
டிக்சன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான்,
நான் எங்கே விழுவேன் என்று.
நான் விழவில்லை.
அதுதான் தப்பாகிவிட்டது.

மூன்றாவது பட்டர்வொர்த்தில், பள்ளி மண்டபம்.
ஒரே நீரிணையை
நாலு பேரும் நாலு பெர்ரியில் கடந்தோம்.
கடைசியில் நான், வேன்,
கெம்போங் மீன் வாடைக்குள் பெரிய டிரம்.
அலை இடிக்கும்போதெல்லாம்
அது தானாக ஓர் அடி போட்டது.
நான் தொடையில் விரலால் பதில் வாசித்தேன்.
டயர் கடைக்கு அடுத்தபடி
எங்கள் நல்ல கச்சேரி அதுதான்.

மேடையில் மூவரும்
ஒருவர் மாற்றி ஒருவர் சத்தத்தைக் கூட்ட,
ஃபியூஸ் போனது.
ஜாகா மெழுகுவத்தி தேடி வருவதற்குள்
மூன்று டாக்சி கிளம்பிய சத்தம்
வாசலில் கேட்டது.
டிக்கெட் காசை நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.
ஒவ்வொரு கையிலும் இரண்டு வெள்ளி.
ஒரு பையன் வாங்க மாட்டேன் என்றான்,
பிறகு வாங்கிக்கொண்டான்.

அச்சகப் பாக்கி நாற்பது வெள்ளியையும்
மைதீன்பாய் என்னிடம்தான் கேட்டார்.
பெரிய எழுத்துக்கு
மை அதிகமாம்.